சாங்கி–திருச்சி இடைத்தொலைவு: அளவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

சிங்கப்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு எவ்வளவு தூரம், போய்ச்சேர எவ்வளவு நேரம் என்னும் வினா அறிஞர் உலகில் உரிய கவனம் பெறாமலே இருந்துவருகிறது. தொல்காப்பியர் காலம் எது, சங்கம் எத்தனை, வஞ்சி என்பது கரூரா கொடுங்கல்லூரா என்பதற்கெல்லாம் நூல் உண்டு; மறுப்பு நூல் உண்டு; மறுப்புக்கு மறுப்பும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலையில் நிற்கும் எவரும் தயங்காமல் விடை சொல்லக்கூடிய, ஆனால் எந்த இருவரும் ஒரே விடையைச் சொல்லாத இந்தப் பொருளைத் தொடுவாரில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நல்கை எதுவும் பெறவில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் தகவலாளிகளுக்கு வாங்கிக் கொடுத்த தேநீர் ஆய்வாளரின் சொந்தச் செலவு.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் என்று நாம் சொல்லும்போது சாங்கி விமான நிலையத்தைச் சொல்கிறோம். தகவலாளிகளோ தேக்காவைச் சுற்றிய நாலு தெருவைச் சொல்கிறார்கள். திருச்சி என்று நாம் சொல்வது புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் விமான நிலையம். அவர்கள் சொல்வது அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, பேராவூரணி, தேவகோட்டை. இந்த இரண்டு பிசகும் ஒன்றையொன்று ஈடுகட்டாது, ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும் என்பது பின்னால் நிறுவப்படும்.

அடுத்து முறையியல். நம் தருக்க நூலார் அளவைகளைப் பத்துவரை விரித்தாலும் கடைசியில் மூன்றுக்குள் அடக்கிவிடுவார்கள்: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டது, கணக்கிட்டு அறிந்தது, நம்பத்தக்கவர் சொன்னது. இதற்குமேல் ஒரு ஆய்வுக்கு என்ன வேண்டும்?

காண்டலில் தொடங்குவோம். கையில் இருப்பது பயணச்சீட்டு. இரவு எட்டு மணிக்குச் சாங்கியில் புறப்படும் விமானம் ஒன்பதரைக்குத் திருச்சியில் நிற்கும் என்று போட்டிருக்கிறது. (கணக்கு எளிதாக இருக்க முழு எண்ணாக எடுத்துக்கொண்டோம். உண்மையான அட்டவணையில் பத்து நிமிடம் முன்பின் இருக்கும்.) ஆகவே பயண நேரம் ஒன்றரை மணி. இந்தக் கொள்கையைப் பட்டுக்கோட்டைப் பக்கத்து மாமியார் ஒருவர் இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் பிடித்திருக்கிறார். "எட்டுக்கு ஏறிட்டேன்னு மாப்புள போன் போட்டாரு. ஒம்போதரைக்கு எறங்கிட்டேன்னு போட்டாரு. இங்கேருந்து தஞ்சாவூரு போற நேரந்தான் ஆவுது. இதுக்குப் போயி ஊருப்பக்கம் வரமாட்டேங்குறாரே?" இவ்வாதத்தின் முதற்பாதியை மறுக்கலாம். பிற்பாதியை மறுக்கும் துணிவு மாப்பிள்ளைக்கும் இல்லை, இக்கட்டுரையாளருக்கும் இல்லை.

திரும்பும் பயணத்தைப் பார்ப்போம். நள்ளிரவு ஒரு மணிக்குத் திருச்சியில் ஏறினால் காலை ஏழரைக்குச் சாங்கி. ஆறரை மணி நேரம். ஒரே பாதை, ஒரே விமானம், பெரும்பாலும் அதே சிப்பந்திகள். ஆனால் போவதற்கும் வருவதற்கும் ஐந்து மணி நேர வேறுபாடு. இதற்குத் தகவலாளிகளிடையே வழங்கும் விளக்கம், ஊருக்குப் போவது இறக்கம், திரும்பி வருவது ஏற்றம் என்பது. விடுப்பு முடிந்து வந்திறங்குகிறவர் முகத்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ளமாட்டார்கள். ஆயினும் அறிவியல் இரக்கம் அறியாதது. திருச்சி விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 88 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாங்கியின் உயரம் ஏழு மீட்டர்கூடத் தேறாது. ஆகவே ஊருக்குப் போவதுதான் ஏற்றம். இறக்கக் கொள்கை இத்துடன் வீழ்ந்தது.

அப்படியானால் ஐந்து மணி நேரம் எங்கே போயிற்று? போன கணக்கு ஒன்றரை, வந்த கணக்கு ஆறரை. கூட்டினால் எட்டு, பாதி நான்கு. விமானம் இரு திசையிலும் நான்கு மணி நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தி ஓடுவதால் போகும்போது அதைக் கழித்துக்கொள்கிறோம், வரும்போது வட்டியில்லாமல் கட்டுகிறோம். இதிலிருந்து ஒரு தேற்றம் பெறப்படும்: அரசாங்கங்கள் கடிகாரத்தை எப்படித் திருப்பினாலும் போகவரக் கூட்டுத்தொகை மாறாது.

இத்தேற்றத்தை வரலாறு பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. சிங்கப்பூர் அளவுக்குக் கடிகாரத்தை நிம்மதியாக விடாத ஊர் குறைவு. 1905இல் கிரீன்விச்சைவிட ஏழு மணி முந்தியதாக வைத்தார்கள். 1933இல் அதை இருபது நிமிடம் தள்ளினார்கள். 1941இல் இன்னொரு பத்து நிமிடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம் அமலாகி, ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் காணாமற்போனது. அந்த மாதத்தில் இந்தியாவோடு வேறுபாடு மூன்றரை மணி. இன்றைய விமானம் அன்று இருந்திருந்தால் எட்டு மணிக்கு ஏறி எட்டரைக்குத் திருச்சியில் இறங்கியிருக்கலாம். போர் நடந்துகொண்டிருந்ததால் இச்சலுகையை எவரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. போர் முடிந்து ஏழரைக்குத் திரும்பிய கடிகாரம், 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு மீண்டும் முன்னே திருப்பப்பட்டுப் பன்னிரண்டு ஆனது. மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர, சிங்கப்பூரும் கூடவே போயிற்று. அன்று புத்தாண்டு அரைமணி முன்னதாகப் பிறந்தது. தமிழ்நாடு அரைமணி கிட்டே வந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் அரைமணி எட்டிப் போனது. கூட்டுத்தொகை அப்போதும் எட்டுதான்.

இங்கே சூரியனையும் ஒரு சாட்சியாக அழைக்க வேண்டும், ஏனெனில் அது இரு அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. சாங்கிக்கும் திருச்சிக்கும் தீர்க்கரேகையில் 25 பாகைக்குச் சற்று மேல் இடைவெளி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் 101 நிமிடம். சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வேறுபாடு ஒரு மணி 41 நிமிடம்தான். கடிகாரமோ இரண்டரை மணி என்கிறது. மிச்சமுள்ள 49 நிமிடம் முழுக்க முழுக்க நிர்வாகத்தின் கொடை. சிங்கப்பூர் தன் சூரியனைவிட ஒரு மணி நான்கு நிமிடம் முந்தி வாழ்கிறது. திருச்சி கால் மணி முந்தி. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே விடிவதும், வீரமாகாளியம்மன் கோவிலில் காலைப் பூசைக்கு வருகிறவர் இருட்டில் வருவதும் இதனால்தான். அந்த 49 நிமிடத்தை யாரிடம் திரும்பக் கேட்பது என்பது சட்டத்துறை ஆய்வுக்கு உரியது, இங்கே விரிக்கவில்லை.

ஒரு முரணைமட்டும் பதிவுசெய்துவிட்டு நகர்வோம். உலகிலேயே மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் விமானம் புறப்படுவது இதே சாங்கியிலிருந்துதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கிய அந்தச் சேவையின் தூரம் 15,349 கி.மீ.; பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருச்சியைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். ஆனால் கோடைக்காலத்தில் நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வேறுபாடு என்பதால், முள் கடிகாரம் கட்டியவர் அதைத் தொடவே வேண்டாம். பக்கத்திலிருக்கும் திருச்சிக்குத்தான் முள்ளை இரண்டரை மணி பின்னால் திருக வேண்டியிருக்கிறது. இன்னொரு வேடிக்கை: சிங்கப்பூரும் நியூயார்க்கும் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால் சாங்கியிலிருந்து நியூயார்க்குக்கு நேர்வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. காற்று முதுகில் தள்ளும் என்பதால் விமானிகள் பசிபிக் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதும் உண்டு. சுற்றுவழி நேர்வழியைவிடச் சீக்கிரம் சேர்க்கும் என்பதைப் புதுக்கோட்டை மினிபஸ்ஸில் போனவர்கள் முன்பே அறிவார்கள்.

இனி, கருதல். கணக்குப் போடுவோர் செய்ய வேண்டியது இதுதான். பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் மாலை கட்டும் நூல் ஒருமுழம் வாங்கி, உலக உருண்டையில் சிங்கப்பூர்மேல் ஒரு நுனியையும் திருச்சிமேல் ஒரு நுனியையும் வைத்து விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் போகும் வழிதான் மிகக் குறுகிய வழி. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டு திரிகோண கணிதத்தில் போட்டால் ஏறத்தாழ 2,980 கி.மீ. வருகிறது. சென்னைக்கு 2,920, மதுரைக்கு 3,015, கோவைக்கு 3,160. நூல் மலாக்கா நீரிணையை ஒட்டிப் போய், சுமத்ராவின் வடபகுதியைக் கடந்து, நிக்கோபார் தீவுகளின் பக்கமாக வங்கக் கடலில் இறங்குகிறது. தஞ்சைக் கல்வெட்டில் இராசேந்திர சோழன் வென்ற இடங்களின் பட்டியலில் வரும் நக்கவாரம் இந்தத் தீவுகள்தான். 1025இல் அவன் படை கடாரத்துக்குக் கடந்த அதே கடலை இன்று எதிர்த்திசையில் கடக்கிறவர்களில் பாதிப்பேர் உறங்குகிறார்கள். மீதிப்பேர் கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை அறுபது கி.மீ. அருகில் என்பதை வைத்துச் சென்னைக் கட்சியார் ஒரு பெருமை கொண்டாடுவதுண்டு. ஏற்க இயலாது. சென்னையில் இறங்கிய அறந்தாங்கிக்காரர் அதற்குப்பிறகு தரையில் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். திருச்சியில் இறங்கினால் எண்பது, தொண்ணூறோடு முடியும். வானத்தில் மிச்சம் பிடித்த அறுபதைத் தரையில் பலமடங்காகச் செலவழிப்பதைப் பொருளியலார் என்னவென்று அழைப்பார்களோ தெரியாது. அறந்தாங்கியில் அதற்கு ஒரு சொல் உண்டு, ஆய்விதழில் அச்சிட இயலாது.

இந்தத் தடத்தில் ஓடும் ஏ320 போன்ற விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. 2,980ஐ 830ஆல் வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். அட்டவணையிலோ நான்கு மணியும் அதற்குச் சற்று மேலும் போடுகிறார்கள். காரணம், விமான நிறுவனங்கள் எண்ணுவது பறக்கும் நேரத்தையல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுமுனையில் மறுபடி கட்டையை வைக்கும்வரை எண்ணுகிறார்கள். ஓடுபாதை முனையில் வரிசையில் நிற்பது, மேலேறுவது, வட்டமடிப்பது, இறங்கி ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். தாமதமானாலும் குறித்த நேரத்தில் வந்துவிட்டோம் என்று அறிவிக்க வசதியாக ஒரு சில நிமிடத்தைக் கூட்டிப் போடும் வழக்கமும் உலகெங்கும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத்தை முன்தள்ளிப் போடும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர், நோக்கம் ஒன்றே.

காற்றைச் சொல்லாமல் கணக்கு முடியாது. பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு பாய்கிறது என்று அதில் காட்டினார். கிழக்கத்திய தாரைக் காற்றோட்டம் என்று மொழிபெயர்த்துப் பயமுறுத்த வேண்டாம். வேகமான கீழைக்காற்று என்றாலே போதும். அதன் உச்சம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே. ஆனால் அதன் கீழ்ப்பகுதி விமானத்தைத் தொடும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சாங்கியிலிருந்து ஊருக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பும்போது முகத்தில் வந்து மோதுகிறது. சில நிமிடங்கள்தான் வேறுபாடு. ஆனால் கொள்கையளவில் இது பெரிய செய்தி: ஊருக்குப் போவது சீக்கிரம், வருவது மெதுவாக என்று முன்பு வீழ்த்திய கட்சிக்கு இயற்பியலும் ஓரளவு சாதகமாகவே இருக்கிறது. இதை மாமியாரிடம் சொல்ல வேண்டாமென்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது அளவையாகிய உரைக்கு வருவோம். இதில்தான் சரக்கு அதிகம்.

கப்பலில் வந்த தாத்தாக்களின் உரைப்படி சிங்கப்பூருக்கும் ஊருக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய ஒரு வாரம். அவர்கள் அலகு எஸ்.எஸ். ரஜுலா. 1926இல் கட்டப்பட்ட இந்தக் கப்பல் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று தொட்டுத்தொட்டுச் சிங்கப்பூர் வந்தது. 1973 வரை ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ளும் பயணிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடிக்கும்வரை ஓடி, அதோடு இந்தக் கப்பல்வழி முடிந்தது. ரஜுலாக் கணக்கிலும் கப்பல் நேரம் வேறு, பயண நேரம் வேறு. துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தபின்னும், தொற்றுநோய் அச்சம் இருந்த காலங்களில், செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கித் தனியே வைத்துச் சோதித்துத்தான் கரைக்கு விட்டார்கள். பெட்டி வரும் வார் அருகே இன்று நாற்பது நிமிடம் நின்றுவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

விமான வேகம் கூடியும் நேரம் ஏன் குறையவில்லை என்பதற்கு நிலவியல் சார்ந்த ஒரு விடை உண்டு. சிங்கப்பூரின் விமான நிலையம் தேக்காவைக் கண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. 1937இல் திறந்த காலாங் நிலையம் தேக்காவிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். சாப்பிட்டுவிட்டு நடந்தே போகலாம். அதன் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1955இல் பாய லேபார்: ஒன்பது கிலோமீட்டருக்குள். 1981இல் சாங்கி: நேர்க்கோட்டிலேயே பதினாறு. ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் வேலை தொடங்கியாயிற்று. 2030களின் நடுவில் அது இன்னும் கிழக்கே திறக்கும். அதற்கப்பால் கடல். சென்னையும் இந்தப் போட்டியில் பின்தங்கவில்லை. மீனம்பாக்கம் கிட்டே இருக்கிறதென்று பரந்தூரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அங்கே ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

தேக்காவிலிருந்து சாங்கிக்கு ரயிலில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, டவுன்டவுன் பாதையில் எக்ஸ்போ வந்து, அங்கே மாறிப் போக வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி. டாக்சியில் பாதி நேரம். ஆனால் தகவலாளிகளின் பயணம் ரயிலில் ஏறும்போது தொடங்குவதில்லை. அது சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா சென்டர் வாசலுக்குப் பக்கத்து நடைபாதையில் தொடங்குகிறது. அங்கே நேரில் பார்த்ததை அப்படியே தருகிறோம், ஏனெனில் காண்டலும் உரையும் ஒன்றுசேர்ந்த அரிய தருணம் இது.

ஊர் போகிறவர் ஒருவர். கைத்தராசின் கொக்கியைப் பெட்டியில் மாட்டித் தூக்கிப் பிடிக்க நண்பர்கள் இருவர். எண்ணைப் படிக்க நாலாமவர். அனுமதி முப்பது கிலோ. தராசு காட்டியது முப்பத்திரண்டு.

"அண்ணே, மைலோவ எடுத்துருங்க."

"அது புள்ளைக்குடா."

"அப்ப அந்தக் கோடாலித் தைலம்?"

"அம்மா கேட்டு வாங்குனது."

"டார்ச் லைட்டு?"

"மாமா வயலுக்குப் போறவருய்யா."

கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் பெட்டியைத் திறந்து தம்முடைய இரண்டு சட்டையையும் ஒரு ஜீன்ஸையும் எடுத்து நண்பரிடம் கொடுத்தார். மறுபடி தூக்கினார்கள். முப்பது. பழுப்பு டேப்பைச் சுற்றி, நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதியாயிற்று. எடை கூடிய பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது பெட்டிக்காரருடைய துணி என்பதை இத்துறையின் முதல் விதியாக முன்மொழிகிறோம். இரண்டாம் விதி: இந்தக் கட்டத்தை நடைபாதையில் முடிக்காமல் நிலைய முகப்பில் வைத்துக்கொண்டால் பயண நேரம் வளரும், எவ்வளவு என்பது வரிசையில் பின்னால் நிற்பவரின் பொறுமையைப் பொறுத்தது.

சாங்கிக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் ஓட்டம்தான். 2024 முதல் குடிநுழைவில் கடவுச்சீட்டை நீட்டாமல் முகத்தையும் கருவிழியையும் காட்டியே வெளியேறலாம். அரசு இப்படி மிச்சப்படுத்திக் கொடுத்த நிமிடங்களை என்ன செய்வது என்று மக்களுக்குக் குழப்பம் வரக்கூடாதென்றோ என்னவோ, 2019இல் பக்கத்திலேயே ஜுவெல் கட்டிடத்தைத் திறந்து, நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கட்டிடத்துக்குள்ளேயே ஓர் அருவியை விழவைத்திருக்கிறார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பயணி கைப்பேசியில் அவர்களைத் தேடுவது வழக்கம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். அறையைவிட்டு மாலை நாலு மணிக்குக் கிளம்புகிறார். ஐந்துக்குச் சாங்கி, மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டுமென்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். எட்டுக்கு விமானம். சிங்கப்பூர் நேரம் பன்னிரண்டுக்குத் திருச்சி. குடியேற்றப் பிரிவு, பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி. (தங்கம் பிடிபடும் செய்தியில் அடிக்கடி பெயர் வரும் நிலையம் என்பதால் சுங்கத்தில் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார்கள்.) 2024இல் திறந்த புது முனையத்தின் கோபுர ஓவியங்களை இந்நேரத்தில் நிதானமாகப் பார்க்கலாம். வெளியே கார், காருக்குள் அண்ணன், அண்ணன் மகன், அவன் சிநேகிதன். வழியில் டீ குடிக்காமல் எந்த வண்டியும் அறந்தாங்கி போய்ச் சேர்ந்ததாக எந்தத் தகவலாளியும் சொல்லவில்லை. அதையும் சேர்த்து இரண்டேகால் மணி. சிங்கப்பூர்க் கடிகாரத்தில் விடியற்காலை மூன்றேகால். ஊர்க் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டேமுக்கால். மொத்தம் பதினொன்றேகால் மணி நேரம். விமானத்துக்குப் போனது அதில் நான்கு.

இத்தொகையை ஏற்காத ஒரு தரப்பு உண்டு. அவர்களைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அவர்களுக்கு மறுப்பு இல்லை. லெம்பு சாலைத் திடலில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்த கட்டுமான ஊழியர் ஒருவரிடம், ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கப்பட்டது. வேலை அனுமதி இரண்டு வருடத்துக்கு. வந்து எட்டு மாதம் ஆகிறது. ஏஜெண்டுக்கு வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது. "இன்னும் ஒரு வருசம் நாலு மாசம்ணே" என்றார். கணக்கு மிகச் சரி. அட்டவணையில் எங்கே எழுதுவதென்றுதான் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் அதற்கென்று ஒரு பத்தி சேர்க்கப்படும்.

ஆகவே தீர்ப்பு: சாங்கி–திருச்சி இடைத்தூரம் 2,980 கி.மீ.; அட்டவணை நேரம் நான்கு மணி; தேக்கா–அறந்தாங்கி பயண நேரம் பதினொன்றேகால் மணி, டீ உட்பட. ஒன்றரை மணி என்ற பட்டுக்கோட்டைக் கொள்கை தள்ளுபடி செய்யப்படுகிறது, செலவுத்தொகை கோரப்படவில்லை. அழைத்துப்போக வருகிற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: விமானம் சாங்கியில் ஏறியதும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அது நிக்கோபாரைத் தாண்டட்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பினாலும், பெட்டி வெளியே வருவதற்குள் வந்துவிடலாம். வாகன நிறுத்தக் கட்டணமும் மிச்சம்.